புள்ளிகள் தீப்பிடித்த வியாழக்கிழமை

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை அப்படி இல்லை, என் புருவம் இரண்டும் இருக்கின்றனவா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு அவர் விரல்களையும் எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும், அதோடு இதைப் படிக்கும்போது உட்கார்ந்திருக்கவும் வேண்டும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ காப்பீட்டு ஆபீசில் எரிந்த வீடுகளின் போட்டோவை நாள் முழுக்கப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள், நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் பதினாறு கேள்வி கேட்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நீ கூப்பிட்டாய் இல்லையா, உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம், நடுவில் நான் பால் பொங்குது வெச்சிடறேன் என்று டக்கென்று வைத்துவிட்டேன். குட்டி, அன்றைக்கு வீட்டில் பாலே இல்லை. பொங்கியது மரப்பலகை வெட்டுகிற என் லேசர் மெஷின். சரி, இப்போது தண்ணீர் குடி. குடித்துவிட்டாயா, இனிமேல் நிதானமாகச் சொல்கிறேன். மெஷின் வீட்டுக்கு வந்த அன்று நான் உனக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரே ஒரு தடவை தீப்பிடித்தாலும் மறுவாரமே விற்றுவிடுகிறேன் என்று சொன்னேன், நீயும் அதை என்னைத் திரும்பச் சொல்ல வைத்து உன் போனில் பதிவு செய்துவைத்திருக்கிறாய். அந்தப் பதிவை நீ இந்நேரம் தேட ஆரம்பித்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் தேடு, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கு இந்த மெஷின் வேண்டும் குட்டி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் தையல் கம்பெனியில் யாரோ வரைந்த கோட்டில் துணி வெட்டினேன், இப்போதுதான் நானே வரைந்து நானே வெட்டுகிறேன், காலையில் எழுந்ததும் அந்தப் பெட்டியின் ஆரஞ்சு மூடியைத் துடைக்கும்போது எனக்கு வயசு முப்பதுதான்.

தீ எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் உன் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும், எல்லாமே அவரிலிருந்துதான் தொடங்குகிறது. அவருடைய பழைய பத்திரிகை அறையை நான் பட்டறை ஆக்கியதிலிருந்து அவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது உனக்குத் தெரியும், ஆனால் நாலரை மாதம் ஓர் எழுத்துகூடப் பேசவில்லை என்பது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கூப்பிடும்போது மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் நல்ல பிள்ளைகளாக நடித்தோம். கடைசியாக அவர் சொன்னது, பேப்பர் கட்டு இருக்கற ரூம்லயே நெருப்பைக் கொண்டுவந்து வைக்கிறியே, இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல என்பது. சொன்னபடியே ஒன்றும் சொல்லவில்லை, ரோஷக்காரர். பாதிக் கட்டுகளை ஹாலுக்குக் கொண்டுபோனார், மீதிப் பாதியை வீம்புக்கு அங்கேயே வைத்தார், நானும் வீம்புக்கு அவற்றைத் தொடவில்லை. அதற்கப்புறம் எங்கள் குடும்பம் துண்டுச் சீட்டில் நடந்தது. நான் குழம்பில் உப்பு குறைவா என்று எழுதி வைப்பேன், அவர் சரி என்று எழுதுவார், அது உப்பு சரியா அல்லது குறை என்பது சரியா என்று நான் அரை மணி நேரம் யோசிப்பேன். முப்பத்து நாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அல்லவா, என் சீட்டுகளைத் திருத்தித் திருப்பி வைப்பார். பட்டறைச் சுவரில் நான் பெரிதாக, மெஷின் ஓடும்போது அதை விட்டு போகக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் விட்டு என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ப் முளைத்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தாரே தவிர என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எழுதிய நான் மட்டும் என்ன வாழ்ந்தேன், அந்தச் சீட்டுக்குக் கீழே நடந்துதான் உன் போனை எடுக்க ஓடினேன்.

இப்போது புள்ளி விஷயம். மழலைப் பள்ளிக்கு மர எழுத்துத் தட்டு செய்து கொடுக்கிறேன் என்று சொன்னேனே, இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் தனித்தனியாக எடுத்து அதனதன் பள்ளத்தில் வைக்கிற மாதிரி. மெய்யெழுத்துக்குப் புள்ளி பதினெட்டு, ஆய்தத்துக்கு மூன்று, ஈ நடுவில் இரண்டு, ஆக ஒரு தட்டுக்கு இருபத்து மூன்று புள்ளி, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானில் பாதி. மெஷினில் மரப்பலகையை வைக்கிற படுக்கை தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், வெட்டுப்பட்டதும் புள்ளிகள் அந்த ஓட்டை வழியாக அடித்தட்டில் விழுந்துவிடும். முதல் தட்டில் நான் கவனிக்காமல் ம் என்பதன் புள்ளியை வைக்காமலே அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் குருவி மிஸ் என்று பிள்ளைகள் கூப்பிடுகிற அந்தச் சின்ன டீச்சர் போன் செய்து, ஆன்ட்டி தப்பா நினைக்காதீங்க, எங்க பிள்ளைங்க எல்லாம் அமமா அமமான்னு வாசிக்குது என்றாள். நான் சிரித்து முடிக்க கால் மணி நேரம் ஆனது. ஆனால் ஹாலில் இருந்து அதைக் கேட்ட உன் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது, பிழை திருத்துகிறவர் வீட்டிலிருந்து அமமா போயிருக்கிறது. மறுநாள் காலை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு, ஒரு புள்ளியும் வீணாகக் கூடாது என்று, கீழே இரண்டு கோடு வேறு. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உதிரிக்கு இருக்கட்டும் என்று ஒவ்வொரு தட்டுக்கும் புள்ளிகளை இரட்டிப்பாக வெட்டினேன், மிச்சத்தை அடித்தட்டிலேயே விட்டுவைத்தேன், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று. பதினொரு நாள் அந்தத் தட்டை இழுத்துக் கொட்டவில்லை. புள்ளியோடு மரத்தூள், கருகின சிராய், ஒட்டுத்தாள் துணுக்கு எல்லாம் சேர்ந்து அடியில் கிடந்தது, மேலே இருந்து லேசர் ஓட்டை வழியாகக் கீழேயும் எட்டிப் பார்க்கும் என்பதை நான் மறந்தே போனேன். அடுப்புக்குள் விறகு அடுக்கி வைத்திருக்கிறேன் குட்டி, அதுவும் இலக்கணச் சுத்தமாக.

நீ கூப்பிட்டபோது மெஷின் ங வரிசையில் இருந்தது. பட்டறைக்குள் மணி அடிக்கும், பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும், உன் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றாது, கால் தானாகப் போய்விடும், ஹாலுக்கு ஓடினேன். நாலு நிமிஷம் இருக்கும், உன் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த உன் அப்பா திடீரென்று கூரையைப் பார்த்து, வாசனை வருது என்றார். நாலரை மாதத்துக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், அதையும் என்னிடம் சொல்லவில்லை, கூரையிடம் சொன்னார். நான் உன்னிடம் பாலைப் பொங்க வைத்துவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் மூடிக்கு அடியில், தேன்கூட்டுக்குக் கீழே, ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு ஆடிக்கொண்டிருக்கிறது, லேசர் தலை ஒன்றும் தெரியாத மாதிரி அதற்கு மேலே ஙூ வெட்டிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை நீ படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது, மூடியைத் திறக்கவில்லை, திறந்தால் காற்றுப் போய் இன்னும் மேலே எழும்பும் என்று நீ சொல்லியிருக்கிறாய், மெஷினில் இருக்கிற சிவப்புப் பொத்தானை மட்டும் அமுக்கினேன். அடுத்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அந்தச் சுவிட்ச் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பின்னாலேயே வந்த உன் அப்பா சரியாக அதன் அருகில் நிற்கிறார். நான் திரும்பி, அணைங்க அணைங்க என்று கத்தினேன்.

உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, இந்த வீட்டில் யாரும் ஆஃப் பண்ணு என்று சொல்ல முடியாது, சின்ன வயதில் நீ லைட்டை ஆஃப் பண்ணவா என்று கேட்டபோதெல்லாம் விளக்கை அணைக்கட்டுமான்னு கேளு என்று உன்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்தவர் அவர்தான். அதனால் உயிர் போகிற அவசரத்திலும் என் வாயில் நல்ல தமிழ்தான் வந்தது. ஆஃப் பண்ணுங்க என்று கத்தியிருந்தால் அந்த நொடியே பண்ணியிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா, இரண்டே எட்டில் என்னிடம் வந்து அணைத்தார். நெருப்பை இல்லை. ஒரு கையில் செய்தித்தாள், மறு கை என் முதுகைச் சுற்றி, நான் அவர் சட்டைப் பையில் இருக்கிற சிவப்புப் பேனாவில் மூக்கு இடித்துக்கொண்டு நிற்கிறேன். நாலரை மாதமாக ஒரு சீட்டை நீட்டும்போதுகூட விரல் படாமல் பார்த்துக்கொண்ட மனிதர். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பின்னால் நெருப்பு, முன்னால் இவர், எதற்கு முதலில் பயப்படுவது என்றே தெரியவில்லை. அவர் சட்டைக்குள்ளேயே, சுவிட்சைங்க சுவிட்சை என்றேன். அதற்கப்புறம்தான் விட்டுவிட்டுப் போய்ச் சுவிட்சை அணைத்தார். பின்னால் கேட்டபோது கொஞ்சமும் கூச்சப்படாமல், நீ வினையை மட்டும் சொன்ன, செயப்படுபொருள் எங்க, என்னத்தை அணைக்கறதுன்னு சொல்லணும்ல என்றார்.

கேள், இன்னும் முடியவில்லை. நீ அனுப்பி வைத்த அந்தத் தீயணைப்பு உருளை, மாவு வராமல் வாயு மட்டும் வருகிறதே, மெஷின் கெடாது என்று தேடிப் பிடித்து அனுப்பினாயே, அது எங்கே இருந்தது என்று நினைக்கிறாய், ஹாலில் அப்பாவின் பத்திரிகைக் கட்டு காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் உட்கார்ந்திருந்தது. போய்த் தூக்கிக்கொண்டு வந்தார், அதுவரைக்கும் பாராட்ட வேண்டும். வந்தவர் வாசலில் நின்று அதன் மேல் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்கிறார். ஆணி மாதிரி ஒரு முளை இருக்கும், அதை உருவ வேண்டும், அச்சடித்தவன் முளையை இழுக்கவும் என்பதற்குப் பதிலாக மூளையை இழுக்கவும் என்று போட்டுவிட்டான். நெருப்பு எரிகிறது, உன் அப்பா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, இதப் பாரு எவனோ ஒருத்தன் என்று ஆரம்பித்தார். உங்களுக்கு அது ஏற்கெனவே இழுத்தாச்சு, இங்க குடுங்க என்று பிடுங்கி, முளையை உருவி, மூடியை ஓரமாக நாலு விரல் மட்டும் தூக்கி, நெருப்பின் மேலே இல்லாமல் அடியைப் பார்த்து இரண்டு தடவை அடித்தேன். புஸ் என்று வெள்ளையாக ஒரு புகை, அவ்வளவுதான், போய்விட்டது. அப்பாவை வெளியே தள்ளி, நானும் வந்து, கதவைச் சாத்திவிட்டோம், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது என்று நீ சொன்னதும் நினைவிருந்தது. ஜன்னலை வெளிப்பக்கமாகப் போய்த் திறந்துவிட்டு, திரும்பவும் கனன்று பிடித்துக்கொள்ளுமோ என்று முக்கால் மணி நேரம் அந்த ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேரும் கண்கொத்திப் பாம்பு மாதிரி நின்றோம். அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் இன்னும் பாதிக் கட்டு பேப்பர் இருந்ததே, மெஷினுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு அடிதான். இன்னும் இரண்டு நிமிஷம் உன் பல்லைப் பற்றிப் பேசியிருந்தால் நீ பார்க்கிற போட்டோக்களில் ஒன்று நம் வீடாக இருந்திருக்கும். அதை நினைத்து அழ ஆரம்பித்தேன், அழுகிற நடுவில் மூளையை இழுக்கவும் நினைவுக்கு வந்தது, சிரித்துவிட்டேன், அவரும் சிரித்துவிட்டார், மேல் வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, அக்கா எல்லாம் நல்லாத்தானே இருக்கு என்று கேட்டார், சிரிப்பு அடங்காமலே ஜன்னலைக் காட்டினோம்.

அவரே இறங்கி வந்து கம்பியெல்லாம் பார்த்தார். தேன்கூட்டுப் படுக்கை கருத்துவிட்டது, ஒரு பெல்ட் போய்விட்டது, புகைக் குழாயின் முனை சுருண்டுவிட்டது, அவற்றை மாற்றியாயிற்று, மற்றபடி மெஷின் தப்பித்துவிட்டது. சுவிட்சை வாசலிலிருந்து கழற்றி நான் உட்கார்ந்த இடத்திலேயே கை எட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார், கூரையில் புகை பட்டால் கத்துகிற ஒரு வட்டமான கருவியும் மாட்டினார், அது முதல் நாளே உன் அப்பா ரொட்டியைக் கருக்கியதற்குக் கத்தி ஊரைக் கூட்டியது. பேப்பர் கட்டு முழுவதும் இப்போது என் துணி அலமாரியின் பாதியில் இருக்கிறது, என் புடவைகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, பரவாயில்லை. பட்டறையில் எரிகிற சாமான் என்று வெட்டுகிற பலகையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அடித்தட்டைத் தினமும் மெஷினைப் போடும் முன்பு இழுத்துக் கொட்டுகிறேன், புள்ளிகளை மட்டும் பொறுக்கி மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு அறைக்கு வெளியே வைக்கிறார் அப்பா, ஒரு புள்ளியும் வீணாகவில்லை. வெட்டுகிற இடத்தில் ஊதிக்கொண்டே இருக்கிற காற்றுப் பம்ப் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்காமல் தொடங்குவதில்லை. என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத எதையும் உள்ளே வைப்பதில்லை. உருளை கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, அதன் சீட்டில் மூளையின் சுழியை உன் அப்பா சிவப்பில் அடித்துவிட்டார்.

பெரிய செய்தி என்னவென்றால், மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம், நான் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து மெஷினைப் பார்க்கிற வேலை உன் அப்பாவுடையது. இத்தனை வருஷம் எழுத்தைப் பார்க்கக் கண்ணில் விட்டுக்கொண்ட விளக்கெண்ணெயை இப்போது நெருப்பைப் பார்க்க விட்டுக்கொண்டிருக்கிறார். பேசுகிறார், குட்டி. நாலரை மாதத்துப் பாக்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுகிறார், நேற்று ஒற்று மிகும் இடம் மிகா இடம் பற்றி ஒரு மணி நேரம், எனக்குத் தலை வலித்தது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். காலையில் வேலையைத் தொடங்கும் முன்பு ஒத்திகை பார்க்கிறோம், நான் கத்துவேன், அவர் சுவிட்சை அடிப்பார், நான் உருளையை எடுப்பேன். கத்துவதற்குப் புதுச் சொல் வைத்திருக்கிறோம், நிறுத்து. அணை என்ற சொல் பட்டறைக்குள் இனிமேல் கூடாது, அதை வீட்டின் மற்ற அறைகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம், இதற்கு மேல் நீ கேட்காதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், அதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ பிறந்த நாளிலிருந்து நீ கூப்பிட்டு நான் வராமல் இருந்ததில்லை, குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்போடு வந்திருக்கிறேன். இனிமேல் மெஷின் ஓடும்போது நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும், நான் உட்கார்ந்தே இருப்பேன், எனக்குள் என்னவெல்லாமோ ஆகும், ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, அம்மா நெருப்புக்குக் காவல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள், வேலை முடிந்ததும் நானே கூப்பிடுவேன். ஆனால் வாக்கு வாக்குதான். இவ்வளவையும் படித்த பிறகும் விற்றுவிடு என்று நீ சொன்னால், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் விற்றுவிடுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன், நீ சொல்வதுதான் முடிவு.

பல்லைப் பிடுங்கிவிடு, வைத்துக்கொண்டு அவதிப்படாதே. உன் சமையலறையில் ரொட்டி சுடுகிற மெஷின் இருக்கிறதே, அதன் அடியில் ஒரு தட்டு இருக்கும், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் போய் அதை இழுத்துப் பார், அங்கேயும் நம் வீட்டுப் புள்ளிகள் மாதிரி ஏதாவது குவிந்து கிடக்கும், கொட்டிவிடு. காலை இறுக்காத செருப்பும், மரியாதை தெரிந்த மேலதிகாரியும், படுத்ததும் தூக்கமும் உனக்கு எப்போதும் கிடைக்கட்டும். இந்தக் கடிதத்தை உன் அப்பாதான் திருத்தி, உறைக்குள் போட்டு, தபாலில் சேர்க்கப் போகிறார், சிவப்பு மை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா (புள்ளி சரியாக இருக்கிறது)

குட்டி, அப்பா எழுதுகிறேன். ஒற்றுப்பிழை ஒன்பது இடத்தில் திருத்தியிருக்கிறேன். உறையை ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன், அவள் இதைப் பார்க்கவில்லை, நீயும் சொல்லாதே. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவிட்சைத்தான் சொல்கிறாள் என்று அப்போதே தெரியும். அவளுக்குப் பின்னால் நெருப்பு, என் முன்னால் அவள் முகம், அதைப் பார்த்ததும் கை அந்தப் பக்கம் போய்விட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் நான் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான். மெஷின் இருக்கட்டும்.